பாஸ்டன் கார்டனை ஏன் இடித்தார்கள்? அதன் தரையில் பந்து எழும்பாத இடங்கள் இருந்தனவா?

நீங்கள் கேட்டிருப்பது மூன்று விஷயம். பாஸ்டன் ஊரின் கூடைப்பந்து அணியான செல்டிக்ஸ், என்பிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகில் 16 கோப்பைகளை வென்ற காலமெல்லாம் அதன் வீடாக இருந்த பாஸ்டன் கார்டன் அரங்கத்தை, நினைவுச்சின்னமாகக்கூட வைக்காமல் ஏன் இடித்தார்கள்? அதன் கட்டம் கட்டமான மரத்தரையில் பந்து எழும்பாத இடங்கள் இருந்தன, அவை உள்ளூர் அணிக்கு மட்டும் தெரியும் என்கிறார்களே, நிஜமா? அந்தத் தரையின் துண்டு என்று இணையத்தில் விற்பதை, படமும் போட்டிருக்கிறீர்கள், நம்பி வாங்கலாமா? மூன்றையும் சேர்த்துப் படித்தால், அந்த இடம் நிஜமாகவே விசேஷமானதா அல்லது இடித்தபிறகு எல்லோரும் கதை கட்டுகிறார்களா என்பதுதான் உங்கள் சந்தேகம் என்று தோன்றுகிறது.

என்னைப் பற்றி ஒரு வரி. உள்விளையாட்டு அரங்குகளுக்கு மரத்தளம் போடுவது என் தொழில். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கல்லூரி அணியில் பாயிண்ட் கார்டாக ஆடியிருக்கிறேன், சுமாராக. பாஸ்டன் கார்டனுக்குள் நான் கால் வைத்ததில்லை. நான் இந்த வேலைக்கு வருவதற்குள் அதை மூடிவிட்டார்கள். அதனால் தரையைப் பற்றி நான் சொல்வதில் கைப்பழக்கம் இருக்கும். மற்றதெல்லாம் ஆசையாகத் தேடிப் படித்தது.

முதலில், அது கூடைப்பந்துக்காகக் கட்டிய அரங்கமே அல்ல. 1928 நவம்பர் 17 அன்று திறந்தபோது உள்ளே நடந்தது குத்துச்சண்டை. கட்டியவர் டெக்ஸ் ரிக்கார்ட். நியூயார்க்கில் குத்துச்சண்டை நடத்திப் பெரிய ஆளானவர். 1925ல் அங்கே மூன்றாவது மேடிசன் ஸ்கொயர் கார்டனைக் கட்டினார். அதே மாதிரி அமெரிக்கா முழுக்க ஊருக்கு ஒன்று கட்ட வேண்டும் என்பது அவர் கனவு. எழுந்தது பாஸ்டனில் ஒன்றுதான். அதைத் திறந்த இரண்டு மாதத்துக்குள் அவரே இறந்துபோனார். ஆரம்பத்தில் 'பாஸ்டன் மேடிசன் ஸ்கொயர் கார்டன்' என்றுதான் பெயர், சொல்லிச் சொல்லித் தேய்ந்து வெறும் கார்டன் ஆனது.

குத்துச்சண்டைக்குக் கட்டியது என்பதை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், பின்னால் நடந்த நல்லதும் கெட்டதும் பாதி அதிலிருந்து வந்தவை. மேடை சின்னது. கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் அடி விழுவது தெரிய வேண்டும். அதனால் மாடங்களைச் செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக, மேடைக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக அடுக்கினார்கள். கூடைப்பந்து வந்தபோது ரசிகர்கள் ஆட்டக்காரர்களின் தலைக்குமேல் தொங்குவதுபோல இருந்ததற்கும், அந்தச் சத்தத்துக்கும் காரணம் இதுதான். அப்புறம் அந்த மாடங்களைத் தாங்கத் தூண்கள் வேண்டுமே. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து காசு கொடுத்துத் தூணைப் பார்த்துவிட்டு வந்தவர்களும் அங்கே நிறைய. கட்டடத்தின் அடியில் நார்த் ஸ்டேஷன் ரயில் நிலையம், வாசலில் தலைக்குமேல் ஓடும் இரும்புப் பாதையில் நகர ரயில். எழும்பூர் ஸ்டேஷனுக்கு மேலே 15,000 பேர் உட்காரும் அரங்கம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், கிட்டத்தட்ட சரியாக இருக்கும்.

அதில் முதலில் குடியேறியது ஐஸ் ஹாக்கி அணியான புரூயின்ஸ். பனித்தளத்தின் அளவு 191 அடிக்கு 83 அடி. இன்றைய வழக்கம் 200க்கு 85. அந்தக் குறுகலான தளத்தில் உடம்போடு உடம்பு மோதி ஆடுவதற்கென்றே புரூயின்ஸ் ஆள் எடுத்தார்கள் என்று ஹாக்கிக்காரர்கள் சொல்வார்கள்.

கூடைப்பந்து வந்தது 1946ல், அதுவும் விளையாட்டின் மேல் இருந்த காதலால் அல்ல. ஹாக்கி இல்லாத இரவுகளில் அரங்கம் சும்மா கிடக்கிறதே என்று பெரிய ஊர்களின் அரங்க உரிமையாளர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம்தான் மூன்று வருஷத்தில் என்பிஏ ஆனது. கார்டனை நடத்திவந்த வால்டர் பிரவுன் அவர்களில் முக்கியமானவர், செல்டிக்ஸ் அவர் தொடங்கியது. முதல் உள்ளூர் ஆட்டம் கார்டனில் நடக்கவில்லை, அதே ஊரில் இன்னும் பழைய பாஸ்டன் அரீனாவில் நடந்தது. ஆட்டம் தொடங்குமுன் பயிற்சியில் சக் கானர்ஸ் என்பவர் எறிந்த பந்தில் கண்ணாடிப் பலகை நொறுங்கிவிட்டது. மாற்றுப் பலகை கார்டனில் இருந்தது, ஆனால் அங்கே அன்றைக்கு ரோடியோ என்கிற காளைச் சவாரிக் காட்சி, பலகைக்கு முன்னால் காளைகள் கட்டியிருந்தன என்று கதை நீள்கிறது. பலகை உடைந்தது பதிவான செய்தி. காளைகள் பிறகு வந்து சேர்ந்துகொண்டனவோ என்று எனக்கு ஒரு சின்னச் சந்தேகம், நல்ல கதை என்பதால் விட்டுவிடுகிறேன்.

இப்போது தரை. உலகப்போர் அப்போதுதான் முடிந்திருந்தது, நல்ல நீளமான மரம் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் யானை விலை. அதனால் மிச்சம் மீதியாகக் கிடந்த ஓக் மரத்துண்டுகளை வைத்து ஒரு தரை செய்தார்கள். துண்டுகள் குட்டையாக இருந்ததால் நீளவாக்கில் ஓட்ட முடியாது. ஆகவே ஐந்தடிக்கு ஐந்தடிச் சதுரப் பலகைகளாகச் செய்து, ஒரு கட்டத்தில் மரம் குறுக்காகவும் அடுத்ததில் நெடுக்காகவும் போகும்படி அடுக்கினார்கள். எல்லோரும் இன்று அழகு என்று கொண்டாடும் அந்தக் கட்டம் போட்ட தோற்றம், மரம் பற்றாத குறையில் பிறந்தது. முதலில் பாஸ்டன் அரீனாவில் கிடந்து, 1952ல் கார்டனுக்கு வந்தது. கூடைப்பந்துக் களம் 94 அடிக்கு 50 அடி. அதற்கு மட்டுமே 190 பலகை வேண்டும், சுற்றுவெளியையும் சேர்த்தால் 250 அருகே வரும். அவற்றை இறுக்க ஆயிரத்தை ஒட்டி போல்ட்டுகள். ஹாக்கி இரவு வந்தால் எல்லாவற்றையும் கழற்றி அடுக்கி வைப்பார்கள், கூடைப்பந்து வந்தால் பனிக்கு மேல் ஒரு மூடு அடுக்கு போட்டு அதன் மேல் திரும்பப் பூட்டுவார்கள். வருஷக்கணக்கில் இப்படியே.

சரி, பந்து எழும்பாத இடங்களுக்கு வருவோம். எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. பந்தை ஒரு உயரத்திலிருந்து கான்கிரீட்டில் போட்டால் எவ்வளவு எழும்புகிறதோ, மரத்தளத்தில் அதில் 90 சதவீதமாவது எழும்ப வேண்டும். தளத்தை ஒப்படைக்கும்போது பத்துப் பன்னிரண்டு இடங்களில் பந்தைப் போட்டுப் பார்ப்போம். எங்கே குறைகிறதோ அங்கே கீழே காற்று இருக்கிறது என்று அர்த்தம். பலகைக்கும் அடித்தளத்துக்கும் நடுவில் இடைவெளி, தளர்ந்த போல்ட், ஈரத்தில் உப்பி நெளிந்த மரம், இந்த மூன்றில் ஒன்று. நிரந்தரமாக ஆணியடித்த தளத்திலேயே இது வரும். கடலோர ஊர் ஒன்றில் ஓர் அரங்குக்கு நாங்கள் போட்ட தளம் ஒரே மழைக்காலத்தில் கிண்ணம்போலக் குழிந்துவிட்டது. மின்கட்டணத்துக்குப் பயந்து ராத்திரியில் ஏசியை நிறுத்தியிருக்கிறார்கள். அப்படியிருக்க, மிச்ச மரத்தில் செய்து, பனிக்கு மேல் விரித்து, வருஷத்தில் எத்தனையோ முறை கழற்றி மாட்டிய தரையில் செத்த இடங்கள் இருந்தன என்பதை நான் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்வேன். இல்லாமல் இருந்தால்தான் அதிசயம்.

இருந்தது என்பது ஒன்று, செல்டிக்ஸ்காரர்கள் அவற்றை மனப்பாடம் செய்து எதிரணியை அந்தப் பக்கம் தள்ளினார்கள் என்பது வேறு. இதில் எனக்கு நம்பிக்கை குறைவு. போல்ட் தளர்வதால் வரும் கோளாறு ஒவ்வொரு முறை பூட்டும்போதும் இடம் மாறும். நேற்று இடது மூலையில் செத்த பந்து இன்றைக்கு அங்கேயே நன்றாக எழும்பலாம். பலகையே நெளிந்திருந்து, அதை எப்போதும் ஒரே இடத்தில் பொருத்தினால் மட்டும் கோளாறு அங்கேயே நிற்கும். அப்படி ஒன்றிரண்டு இருந்திருக்கலாம், தினமும் அங்கே பயிற்சி செய்தவனுக்குத் தெரிந்தும் இருக்கலாம். அதற்கு மேல் இந்த வதந்தியின் பலன் எதிரணியின் தலைக்குள்தான் இருந்தது என்பேன். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடுபவன் ஒரு கணம் கீழே குனிந்து பார்த்தால் போதும், பந்து போய்விடும். பயிற்சியாளர் ரெட் அவர்பாக் இந்த மாதிரிக் கதைகள் உலவுவதைப் பற்றிக் கவலைப்படுகிற ஆள் அல்ல. வந்த அணியின் உடைமாற்றும் அறையில் வெந்நீரை நிறுத்திவிடுவார், கோடையில் ஹீட்டரைப் போட்டுவிடுவார் என்றும் சொல்வார்கள். அவர் வேண்டுமென்றே செய்தாரா, பழைய குழாய்களின் வேலையா என்பது வாதமாகவே இருக்கிறது. அந்த அறைகள் புழுக்கமாகவும் இடுக்காகவும் இருந்தன என்பதில் மட்டும் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

கட்டடம் ஆட்டத்தில் தலையிட்டதற்குச் சந்தேகமே இல்லாத உதாரணம் 1965 ஏப்ரல் 15ல் இருக்கிறது. கிழக்குப் பிரிவு இறுதிச்சுற்றின் ஏழாவது ஆட்டம், எதிரே பிலடெல்பியா. செல்டிக்ஸ் 110-109 என்று ஒரு புள்ளி முன்னிலை, மிச்சம் ஐந்து விநாடி. செல்டிக்ஸின் பில் ரஸ்ஸல் கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே போட வேண்டும், அவ்வளவுதான். அந்த அரங்கத்தில் கூடையைத் தாங்கும் சட்டத்தை மாடத்தோடு இழுத்துக் கட்டிய கம்பிகள் இருந்தன. ரஸ்ஸல் போட்ட பந்து கம்பியில் பட்டது. விதிப்படி பந்து பிலடெல்பியாவுக்கு. ஒரு கூடை விழுந்தால் எல்லாம் முடிந்தது. பிலடெல்பியாவின் ஹால் கிரீர் உள்ளே எறிந்ததை செல்டிக்ஸின் ஜான் ஹாவ்லிசெக் பாய்ந்து தட்டிப் பறித்தார், ஜானி மோஸ்ட் வானொலியில் கத்தியது அமெரிக்க விளையாட்டு வர்ணனையிலேயே மிகப் பிரபலமான கத்தலானது. எல்லோரும் ஹாவ்லிசெக்கைப் பேசுவார்கள். தரை போடுகிறவன் என்பதால் எனக்கு அந்தக் கம்பிதான் ஞாபகம் இருக்கிறது.

அடுத்தது வெக்கை. அங்கே ஏசி கிடையாது. 1984 ஜூன் 8, லேக்கர்ஸுக்கு எதிரான இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் உள்ளே 97 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 36 செல்சியஸ். சென்னைக்காரன் சிரிப்பான், நம் மே மாதத்துக்கு அது குளிர்காலம். ஆனால் மூடிய கூடத்துக்குள் 15,000 பேரின் மூச்சோடு அதைச் சேர்த்துப் பாருங்கள். லேக்கர்ஸின் கரீம் அப்துல்-ஜப்பார் பெஞ்சில் உட்கார்ந்து ஆக்சிஜன் முகமூடியை மாட்டிக்கொண்டார். ஒரு நடுவர் உடம்பில் நீர் வற்றி, பாதி ஆட்டத்தோடு விலகினார். செல்டிக்ஸின் லேரி பேர்டு மட்டும் எதுவும் நடக்காததுபோல 34 புள்ளி எடுத்தார். செல்டிக்ஸ் 121-103. ரசிகர்களுக்கு இது இனிய நினைவு, கட்டடத்தைப் பராமரிக்கிறவனுக்கு இது எச்சரிக்கை. நான்கு வருஷம் கழித்து எச்சரிக்கை பலித்தது. 1988 மே 24, ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரின் நான்காவது ஆட்டம், எட்மன்டன் அணியும் புரூயின்ஸும் 3-3. கரண்ட் போய்விட்டது. திரும்பவில்லை. ஆட்டத்தையே ரத்து செய்து எட்மன்டனில் போய் ஆடினார்கள். அதே தொடரில் வெக்கையும் ஈரமும் பனியில் பட்டுக் களம் மூடுபனியில் மறைந்ததும் உண்டு.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. எப்போதும் நிரம்பி வழிந்த கோயில் என்று இன்று பேசுகிறார்கள். ரஸ்ஸல் 13 பருவங்களில் 11 கோப்பை வென்ற காலத்தில், பருவ ஆட்டங்களில் பாதி இருக்கை காலியாகக் கிடந்த இரவுகள் பல. அதே ஊரில் புரூயின்ஸுக்குக் கூட்டம் அள்ளியது. காரணம் ஹாக்கிப் பித்து மட்டும்தானா, நிறவெறியும்தானா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். ரஸ்ஸலின் பதில் என்ன என்பது 1972ல் தெரிந்தது. அவர் அணிந்த 6ஆம் எண்ணை இனி யாருக்கும் கொடுக்காமல் கௌரவமாக மேலே ஏற்றும் சடங்கை, கதவு திறப்பதற்கு முன், ரசிகர்கள் யாரும் இல்லாமல், சக ஆட்டக்காரர்களோடு மட்டும் முடிக்கச் சொன்னார். அப்படியே நடந்தது. அதே அரங்கம் 1968 ஏப்ரல் 5 அன்று, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், வேறொரு வேலை செய்தது. ஜேம்ஸ் பிரவுனின் இசை நிகழ்ச்சியை ரத்து செய்தால் கலவரம் வெடிக்கும் என்று அஞ்சிய மேயர், அதை உள்ளூர்த் தொலைக்காட்சியில் நேரலையாக விட ஏற்பாடு செய்தார். ஜனம் வீட்டிலேயே இருந்து பார்த்தது. மற்ற பல நகரங்கள் எரிந்தபோது பாஸ்டன் அன்றிரவு பெரும்பாலும் அமைதியாக இருந்தது.

ஆக, ஏன் இடித்தார்கள்? காரணங்களில் மர்மம் இல்லை. ஏசி கிடையாது, மின்சாரம் நம்ப முடியாது, பனித்தளம் அளவுக்குச் சின்னது, தூண் மறைக்கும் இருக்கைகள், ஆட்டக்காரர்களுக்கு இடமில்லாத அறைகள். இவற்றையெல்லாம் பணம் இருந்தால் சரிசெய்யலாம் என்று வாதாடலாம். சரிசெய்ய முடியாதது வருமானம். 1980களுக்குப் பிறகு ஆட்டக்காரர் சம்பளம் ஏறியபோது, அரங்கங்கள் பிழைத்தது கம்பெனிகள் வருஷத்துக்கு வாடகை கொடுக்கும் சொகுசு அறைகளால். மாடத்தின்மேல் மாடமாக நெருக்கி அடுக்கிய கட்டடத்தில் அதற்கு இடமே கிடையாது. எந்த நெருக்கம் சத்தத்தைக் கொடுத்ததோ அதே நெருக்கம்தான் கழுத்தையும் பிடித்தது. அப்புறம் கட்டடம் செல்டிக்ஸுடையது அல்ல என்பதையும் பார்க்க வேண்டும். 1975லிருந்து அரங்கமும் புரூயின்ஸும் ஒரே முதலாளியிடம். 16 கோப்பைக்காரர்கள் அங்கே வாடகைக்கு இருந்தவர்கள்.

1993ல் பக்கத்திலேயே புதிய அரங்கத்தின் வேலை தொடங்கியது. பழைய சுவருக்கும் புதிய சுவருக்கும் நடுவே ஒன்பது அங்குலம்தான். செல்டிக்ஸ் அங்கே கடைசியாக அதிகாரப்பூர்வமான ஆட்டம் ஆடியது 1995 மே 5, ஆர்லாண்டோவிடம் 95-92 என்று தோற்று வெளியேறினார்கள். அந்த செப்டம்பர் கடைசியில் பிரியாவிடை நடத்தி மூட, புதியது அதே வாரம் திறந்தது. அப்புறம் இரண்டு வருஷத்துக்கு மேல் காலிக் கட்டடம் அப்படியே நின்றது. வெடி வைத்துத் தகர்ப்பது வழக்கம், ஆனால் ஒன்பது அங்குலத்தில் புத்தம்புது அரங்கம் நிற்கும்போது யார் வெடி வைப்பார்? பிரித்துப் பிரித்துத்தான் இறக்கினார்கள், 1998ல் முடிந்தது. அந்த மண் பல வருஷம் கார் நிறுத்துமிடமாகக் கிடந்து, இப்போது கடை, ஆபீஸ், சினிமா, ஹோட்டல் என்று பெரிய வளாகமாகிவிட்டது. வாசலில் தலைக்குமேல் ஓடிய ரயில்பாதையும் 2004ல் பூமிக்கடியில் போய்விட்டது.

தரை மட்டும் தப்பித்தது. கழற்றி மாட்டவென்றே பிறந்ததுதானே, 1995ல் கடைசியாக ஒருமுறை கழற்றிப் பக்கத்துக் கட்டடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் மாட்டினார்கள். 1999 டிசம்பர் வரை என்பிஏ ஆட்டம் அதன் மேல்தான் நடந்தது. 53 வருஷம். நான் போட்ட தளங்களில் எதுவும் அவ்வளவு தாங்காது என்று எழுதியே கொடுப்பேன். பிறகு புதிய தரை செய்தபோது பழையதில் சில பகுதிகளை அதில் சேர்த்தார்கள், மிச்சத்தை அறுத்து நினைவுப்பொருளாக விற்றார்கள். மற்ற அணிகள் மேப்பிள் மரத்தில் ஆடும்போது செல்டிக்ஸ் இன்னும் சிவப்பு ஓக்கில், அதே கட்டம் கட்டமான அடுக்கில்தான் ஆடுகிறது.

கடைசியாக, நீங்கள் வாங்க நினைக்கும் துண்டு. அசல் துண்டுகள் சந்தையில் உண்டு என்பதால் நீங்கள் பார்த்தது அசலாக இருக்க வாய்ப்பிருக்கிறது. நீங்கள் போட்டிருக்கும் படத்தில் மரம் ஓக் என்று தெரிகிறது, ரேகையும் துளைகளும் சரியாக இருக்கின்றன. மேல்பூச்சு பல அடுக்கு ஏறியிருப்பதும் தெரிகிறது. ஆனால் பழைய ஓக் தரை அமெரிக்காவில் எந்தப் பள்ளிக்கூடத்தை இடித்தாலும் கிடைக்கும், வார்னிஷை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். மரத்தைப் பார்த்து மரம் என்னவென்று சொல்வேன், அதன்மேல் யார் ஓடினார்கள் என்று சொல்ல என்னால் ஆகாது. விற்றபோது கொடுத்த சான்றிதழ் கூட இருந்து, அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று விற்பவர் காட்டினால் யோசியுங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தைச் சேர்த்துவையுங்கள். என்றைக்காவது பாஸ்டன் போனால், புதிய அரங்கத்துக்குள்ளேயே விளையாட்டு அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பழைய கார்டனின் மர இருக்கைகளை அங்கே வைத்திருக்கிறார்கள்.